விடிகாலைப் புகையின் விலாசம்

மார்ச் மாதத்தில் கோரிமேட்டில் மொட்டை மாடியில் படுப்பவர்களுக்கு அலாரம் தேவையில்லை. ஐந்தரை மணிக்கு மூக்கே எழுப்பிவிடும். எதுவோ எரிகிற வாசம். எழுந்து நான்கு பக்கமும் பார்த்தால் தீ எங்கும் தெரியாது. ஜிப்மர் மருத்துவமனை வளாகத்து மரங்களுக்கு மேலே ஒரு வெளுப்பு, தெருவிளக்கைச் சுற்றி ஒரு மங்கல், அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு வெளியூர்ப் பேருந்துகளிலிருந்து நோயாளிகள் வந்து இறங்கும்போது வாசம் போன இடம் தெரியாது.

டீக்கடையில் விசாரித்தால் ஆளுக்கொரு தீர்ப்பு கிடைக்கும்.

"குருமாம்பேட் குப்பைதான் சார், வேற என்ன?"

"இல்லண்ணே, கரும்புக் கொல்லையில சோகை கொளுத்துறாங்க."

"அதெல்லாம் இல்லப்பா. பட்டானூர் பக்கம் முள்ளு வெட்டிப் போட்டு எரிக்கிறான், நானே பார்த்தேன்."

மூன்றுமே நடக்கக்கூடியவைதான். சிக்கல் என்னவென்றால், மூன்றுக்கும் கேட்க வேண்டிய ஆள் வேறு. குருமாம்பேட் புதுச்சேரிக்குள் இருக்கிறது. பட்டானூர் இங்கிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். கோரிமேட்டு எல்லையில் வண்டியை நிறுத்தலாம். புகையை நிறுத்த முடியாது. இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு சாதாரண மனிதர் வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியுமா? பெருமளவு முடியும். அதற்கு யாருடைய கதவையெல்லாம் தட்ட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒன்பது மணிக்கு எங்கே போகிறது?

முதலில் சின்னப் புதிரை முடித்துவிடுவோம். பகலில் தரை சூடாகும். தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே போகும், மேலே உள்ளது கீழே வரும். சாம்பாரைக் கரண்டியால் கிளறுவது போலக் காற்று கிளறப்படுகிறது. புகை எவ்வளவு வந்தாலும் ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை கலந்து நீர்த்துப்போகும்.

இரவில் கரண்டியை எடுத்துவிடுகிறோம். தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கும். அதற்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சூடாகவே இருக்கும். உயரப் போகப் போகக் குளிர வேண்டியது இங்கே மாறிக் கிடப்பதால் இதைத் தலைகீழ் அடுக்கு என்போம். சட்டிக்கு மூடி போட்டது போலத்தான். இரவெல்லாம் எரிந்ததன் புகை அந்த மூடிக்கு அடியிலேயே தவழும். கூடவே, கடற்கரை ஊர்களில் பின்னிரவுக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும். மேற்கே எரிந்தது கிழக்கே வந்து சேரும். வெயில் ஏறினால் மூடி திறந்துவிடும். நண்பகலையொட்டி கடற்காற்று கிளம்பி மிச்சத்தையும் மேற்கே தள்ளிவிடும்.

ஆகவே விடிகாலையில் நம் மூக்குக்கு எட்டுவது பெரும்பாலும் பல மணி நேரம் பழைய புகை. அது கிளம்பிய இடத்தில் இப்போது தீயே இல்லாமலும் இருக்கலாம். மாடியில் நின்று தேடினால் ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போது புரியும்.

வானத்திலிருந்து ஒரு தீப்புள்ளி

தரையில் நின்று பார்க்க முடியாததை 800 கிலோமீட்டருக்கும் மேலே இருந்து பார்க்கிறார்கள். சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 என்ற மூன்று அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் 'வியர்ஸ்' என்ற ஒரே வகைக் கருவி இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அது பூமியைத் துருவிக்கொண்டே போகும். சாதாரணத் தரை ஒருவகை அகச்சிவப்பில் மினுங்கும். தீ போன்ற கடும் சூடு அதைவிடக் குறுகிய அலைநீளத்தில் பளிச்சென்று எரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுற்றுப்புறத்தைவிடத் துருத்திக்கொண்டு தெரிந்தால், கணினி அங்கே ஒரு புள்ளி வைத்துவிடும். அதைத் தீப்புள்ளி என்று அழைப்போம்.

இந்தப் புள்ளிகளை நாசாவின் 'ஃபிர்ம்ஸ்' என்ற அமைப்பு, செயற்கைக்கோள் கடந்த சுமார் 3 மணி நேரத்துக்குள் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் தருகிறது. நம் நாட்டில் டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் இதே வகைப் புள்ளிகளைக் காட்டு எல்லைகளோடு பொருத்தி வனத்துறையினரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். காட்டுக்கு அது மிக நல்ல ஏற்பாடு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து 20 பேருக்கு மேல் மாண்ட பிறகு, அந்தக் குறுஞ்செய்தியின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கரும்புக் கொல்லை காடு இல்லையே. கோரிமேட்டுக்காரருக்கு எல்லாப் புள்ளியும் வேண்டும்.

ஒரு வரியைப் படிப்போம்

ஃபிர்ம்ஸ் தருவது படம் மட்டுமில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி கணக்கும் உண்டு. மளிகைக் கடைச் சிட்டை மாதிரி, காற்புள்ளியால் பிரித்த எண்கள். உதாரணத்துக்கு நானே ஒரு வரி எழுதுகிறேன். தீ கற்பனை, வரியின் அமைப்பு நிஜத்தின் சுருக்கம்:

12.03, 79.63, மார்ச் 10, 2005, நடுத்தரம், 3.1, இரவு

முதல் இரண்டு எண்கள் அட்சரேகை, தீர்க்கரேகை. கோரிமேடு ஏறக்குறைய 11.95, 79.80. ஓர் அட்சரேகைப் பாகை 111 கிலோமீட்டர். நம் ஊர் அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை சுமார் 109. கழித்துப் பெருக்கினால், தீப்புள்ளி நமக்கு வடக்கே 9, மேற்கே 18 அல்லது 19 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் சுமார் 20. திருவக்கரையை ஒட்டி.

அடுத்து 2005. இதை ஆண்டு என்று படித்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அது 20 மணி 5 நிமிடம். அதுவும் நம் மணி இல்லை, உலக நேரம். செயற்கைக்கோள்கள் எல்லா ஊர்களுக்கும் பொதுவாக ஒரே கடிகாரம் வைத்திருக்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 20:05 உடன் 5:30 கூட்டினால் 25:35. அதாவது மறுநாள் அதிகாலை 1:35. வரியில் மார்ச் 10 என்று போட்டிருந்தாலும் நமக்கு அது 11ஆம் தேதி. இதைக் கவனிக்காமல் "11ஆம் தேதி தீயே இல்லை" என்று ஒருவர் எளிதாக அறிக்கை எழுதிவிட முடியும்.

'நடுத்தரம்' என்பது கணினியின் நம்பிக்கை அளவு. 3.1 என்பது அந்த நொடியில் தீ உமிழ்ந்த வெப்பத்தின் வேகம், மெகாவாட்டில். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை 2 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்தைந்நூறு அடுப்புகளை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். பெரிதாகத் தோன்றும். தீ கணக்கில் இது சின்னது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வியர்ஸ் கருவியின் ஒரு கட்டம் 375 மீட்டர் சதுரம், கிட்டத்தட்ட 35 ஏக்கர். புள்ளி வைக்கப்படுவது கட்டத்தின் நடுவில். தீ அந்த 35 ஏக்கரில் எந்த மூலையிலும் இருக்கலாம், அரை ஏக்கராகவும் இருக்கலாம். புள்ளி விழுந்த நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிடாதீர்கள்.

இப்போது காற்றைக் கேட்போம். பின்னிரவில் மேற்கு, வடமேற்குப் பக்கமிருந்து மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 1:35க்குக் கிளம்பிய புகை 5:35க்குள் 20 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். மாடியில் மூக்கு விழித்த நேரம் ஐந்தரை. கணக்கு பொருந்துகிறது. குருமாம்பேட் நமக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. இந்தக் காற்றுக்கு அதன் புகை நம் பக்கம் வராது. டீக்கடையின் முதல் தீர்ப்பு, குறைந்தபட்சம் இந்த ஒரு நாளைக்கு, தள்ளுபடி.

சீட்டு கொடுத்தால் பதில் வரும்

மேலே செய்த கணக்கில் எத்தனை அலுவலகங்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். தீப்புள்ளி நாசாவிடம். காற்று வானிலைத் துறையிடம். மூச்சில் போகும் துகளின் அளவு புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் ஜவகர் நகரில் வைத்திருக்கும் தானியங்கி நிலையத்திடம். எந்த நிலம் எந்த வட்டம் என்பது வருவாய்த் துறையிடம். இவர்களில் யாரும் தன் பதிவேட்டை மூட்டை கட்டி இன்னொருவருக்கு அனுப்பப் போவதில்லை. அனுப்பினாலும் மறுநாள் அது பழசு.

இதற்குக் கிடைத்த வழி மருத்துவமனைக்காரர்களுக்குப் பழக்கமானது. டாக்டர் ஒரு சீட்டில் நோயாளி பெயர், என்ன பரிசோதனை என்று எழுதுகிறார். சீட்டு லேபுக்குப் போகிறது, பதில் திரும்பி வருகிறது. டாக்டருக்கு மைக்ராஸ்கோப் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிய வேண்டாம். சீட்டின் வடிவம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதும். கணினிக்குக் கணினி இப்படிச் சீட்டு அனுப்பிப் பதில் வாங்கும் ஏற்பாட்டைத்தான் இணையச் சேவை என்கிறோம்.

நிலப்படத்துக்கான சீட்டை வகுத்தது ஓப்பன் ஜியோஸ்பேஷியல் கன்சார்டியம் என்ற அமைப்பு. 1994இல் தொடங்கியது. 2000இல் இணைய நிலப்படச் சேவை என்ற விதிமுறையை வெளியிட்டது. அதில் முக்கியமான கேள்விகள் மூன்றே. "உன்னிடம் என்னென்ன படம் இருக்கிறது?" "இந்த நான்கு மூலைக்குள், இந்தத் தேதிக்கு, இந்த அளவில் ஒரு படம் தா." "படத்தில் நான் தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது?" எந்த நாட்டு அலுவலகமாக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் ஒரே விதமாகப் பதில் சொல்லும். வரும் படம் கண்ணாடித்தாள் போல ஊடுருவித் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கலாம். கீழே சாலைகள், மேலே தீப்புள்ளிகள், அதற்கு மேல் புகை மூட்டம்.

படம் வேறு, தரவு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாம்பாரின் புகைப்படத்தை ஊற்றிச் சோறு பிசைய முடியாது. சிவப்பு நிறத்தைப் பார்க்கலாம், அதற்குப் பின்னால் இருக்கும் 3.1 என்ற எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. அதற்கு வரிகளாகவே தரும் வேறு சேவைகள் இருக்கின்றன. பல அரசு இணையதளங்கள் அழகான படத்தோடு நின்றுவிடுகின்றன. என் கணிப்பில் அது பாதி வேலை.

புகைக்கும் இந்த யோசனைக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஹூசர் என்பவரின் குழு, 1998இல் மத்திய அமெரிக்கக் காடுகளின் புகை அமெரிக்காவுக்குள் வந்தபோது பலரிடமிருந்த படங்களையும் அளவுகளையும் இணையத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தது. பிறகு அதே குழு, தரவு அவரவரிடமே இருக்க, கேள்வி மட்டும் பயணிக்கும் 'டேட்டாஃபெட்' என்ற அமைப்பைக் கட்டியது. இன்று அமெரிக்காவில் நிபுணர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் புகையின் எல்லையை லேசு, நடுத்தரம், அடர்த்தி என மூன்றாக வரைந்து தினமும் வெளியிடுகிறார்கள். அதை எவரும் தங்கள் படத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வடதுருவத்துக்குப் போன கோரிமேடு

ஒரே வடிவச் சீட்டு என்றேன். அதிலும் ஒரு கூத்து நடந்தது. பழைய பதிப்பில் நான்கு மூலைகளைத் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு என்று எழுத வேண்டும். 1.3.0 என்ற புதிய பதிப்பில், வழக்கமான உலக ஆயமுறைக்கு, வரிசையைத் திருப்பிவிட்டார்கள். பழைய பழக்கத்தில் எழுதினால் 11.95, 79.80 என்பது 79.80, 11.95 ஆகிவிடும்.

அந்த இடம் எது என்று ஒருநாள் பார்த்தேன். நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் பனிக்கரை. வேடிக்கை என்னவென்றால், 2008இல் இந்தியா திறந்த ஹிமாத்ரி என்ற துருவ ஆய்வு நிலையம் அங்கிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில், ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் இருக்கிறது. சேவை பிழை எதுவும் சொல்லாது. கேட்ட இடத்தின் படத்தை ஒழுங்காக அனுப்பிவைக்கும். அதில் தீப்புள்ளி ஒன்றுகூட இருக்காது. கோரிமேட்டில் காற்று சுத்தம் என்று நாமும் நிம்மதியாகத் தூங்கலாம்.

புள்ளிக்குக் கீழே என்ன நிலம்?

திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகள் உண்டு. தூசு புகை மாதிரியே தெரியும், ஆனால் தீப்புள்ளி காட்டாது. புள்ளிக்கு அடியில் கரும்பா, சவுக்கா, முந்திரித் தோப்பா என்று சொல்ல வேறொரு தாள் வேண்டும். தாவரப் படம் வரைவதில் புதுச்சேரிக்குப் பழம்பெருமை இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரையோரத்தில் உட்கார்ந்துகொண்டு தென்னிந்தியக் காடுகளுக்குப் படம் வரைந்தது. 1980களில் ழான்-பியர் பாஸ்கல் வெளியிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் படங்களில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 2.5 கிலோமீட்டர். நம் வானூர் கொல்லைகளுக்கு அப்படி ஒன்று கையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நிலத்தின் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர்களைக் கேட்க வேண்டும். 2013 ஜூன் 21 அன்று அங்கே காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் எரிந்த புகை. தீப்புள்ளிகள் எல்லோருக்கும் தெரிந்தன. எந்தப் புள்ளி எந்தத் தோட்டக் கம்பெனியின் நிலம் என்று காட்டும் எல்லைப் படங்களைப் பொதுவில் வைக்க மட்டும் இந்தோனேசியாவும் மலேசியாவும் சட்டத்தைக் காட்டித் தயங்கின. சிங்கப்பூர் மறு ஆண்டே எல்லை தாண்டும் புகைக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் அங்கே தடையாகவே இல்லை. யாரோ ஒருவர் தன் தாளைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

51 என்ற நல்ல பிள்ளை

இனி மூச்சு. 2.5 மைக்ரான் அளவுக்கு உட்பட்ட நுண்துகள்தான் புகையில் நுரையீரலின் ஆழம் வரை போவது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் 15 என்றது.

நம் கற்பனை நாளில் விடிகாலை 3 மணி நேரம் 200 ஆகவும், மற்ற 21 மணி நேரம் 30 ஆகவும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1230, 24ஆல் வகுத்தால் 51. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அட்டவணையில் அதற்குப் பெயர் 'திருப்திகரம்'. ஆஸ்துமாக்காரர் ஐந்தரை மணிக்கு மாடியில் இருமியது இந்த 51க்குத் தெரியாது. சேவையிடம் அன்றைய சராசரியைக் கேட்டால் அது பொய் சொல்லாமலே நம்மை ஏமாற்றும். மணிக்கணக்கைக் கேட்டால் உண்மையைச் சொல்லும். எனக்கு இதில் ஒரே ஒரு பிடிவாதம்தான்: எந்த அலுவலகமாக இருந்தாலும் மணிவாரி எண்களை எவரும் இறக்கிக்கொள்ளும்படி கொடுக்க வேண்டும்.

யாருடைய படத்திலும் இல்லாத தீ

மூன்று செயற்கைக்கோள்களும் நம் தலைக்கு மேலே வருவது இரவு ஒன்றரை மணியை ஒட்டியும் பகல் ஒன்றரை மணியை ஒட்டியும்தான். இடையில் பற்றி அணைந்த தீ அவற்றின் ஏட்டில் ஏறாது. போகி நல்ல உதாரணம். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் தாமதப்படுத்தின, சிலவற்றைத் திருப்பியனுப்பின. அத்தனையும் அதிகாலை நாலு, ஐந்து மணிக்குத் தெருவில் கொளுத்திய பாயும் டயரும். பஞ்சாபிலும் இதே கதை. நாசாவில் பணிபுரியும் ஹிரேன் ஜெத்வா, 2024இல் வைக்கோல் தாள் எரிப்பு செயற்கைக்கோள் கடந்த பிறகு, மாலையை நோக்கி நகர்ந்திருப்பதாகச் சுட்டிக்காட்டினார். புள்ளிகள் குறைந்தன, புகை குறையவில்லை. எரிப்பு நேரம் நகர்ந்ததைக் காட்டியது, ஒரே இடத்தில் நிலைத்து நின்று சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் கொரியச் செயற்கைக்கோள்.

குப்பைக் கிடங்கின் தீ இன்னும் கள்ளம். 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியும் 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரமும் நாள்கணக்கில் எரிந்ததை ஊரே பார்த்தது. ஆனால் உள்ளுக்குள்ளேயே கனன்று, சுவாலை இல்லாமல், வெறும் புகையாக வரும் குப்பைத் தீ 800 கிலோமீட்டர் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு தெரியாது. அதனால் தீப்புள்ளி இல்லாத ஒரு நாளில், காற்று தென்மேற்கிலிருந்து வந்தால், டீக்கடையின் முதல் தீர்ப்பை மறுபடியும் விசாரணைக்கு எடுக்கத்தான் வேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்ப இப்போதைக்கு இருக்கும் கருவி மூக்குதான். அடுத்த முறை விடிகாலையில் வாசம் வந்தால் நான்கு விஷயங்களைக் குறித்துவையுங்கள்: மணி என்ன, கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது, வாசம் விறகா சோகையா பிளாஸ்டிக்கா, எத்தனை மணிக்குப் போனது. ஃபிர்ம்ஸ் பக்கத்தைத் திறக்கும்போது அந்த மணியிலிருந்து ஐந்தரையைக் கழித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் தேதியிலும் தேடுங்கள்.